ரேடியாலஜி என்றுதான் சொன்னாள்

இப்படி எதிரில் உட்காருங்கள். பக்கத்து நாற்காலி வேண்டாம், அதில் ஒரு கால் ஆடுகிறது. எதிரில் உட்கார்ந்தால் ஆளைப் பார்த்துப் பேசலாம். பக்கவாட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கையில் வைத்திருப்பது விண்ணப்பமா? பொண்ணுக்கா? அறைகளைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாளா? பார்க்கட்டும். பார்ப்பதற்கு எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். எந்த ஊர் நீங்கள்? தாராபுரமா. நல்ல ஊர். தாராபுரத்துக்கு நாங்கள் பதினெட்டு வண்டி கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

தாராபுரத்துக்காரரே, நான் சொல்கிறேன், சேர்க்காதீர்கள். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். நர்ஸ் படிப்பா, சேருங்கள். ரத்தம் எடுக்கிற படிப்பா, சேருங்கள். கை கால் நீவி விடுகிற படிப்புகூட இங்கே இருக்கிறது, அதிலும் சேருங்கள். இந்தத் துறையில் மட்டும் வேண்டாம். இது பெற்றவனைக் குற்றவாளி மாதிரி உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற படிப்பு.

என்ன? எவ்வளவு நேரமாகவா? அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மேடம் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அந்த நர்ஸ் ஏன் திரும்பிப் பார்க்கிறாள்? நான் மெதுவாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் அங்கப்பன். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் முப்பத்தாறு வருஷம். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? சுத்தியலைக் கையில் கொடுத்தார்கள். ஒரே கொட்டகைக்குள் நாற்பது பேர் தகடு அடிப்போம், ரிவிட் அடிப்போம். வெளியாள் வந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான். நாங்கள் அதற்குள்ளேயே சோறு தின்போம், கதை பேசுவோம், சண்டை போடுவோம். பழகிவிட்டால் சத்தம் ஒன்றும் செய்யாது. என்னையே பாருங்கள், என்ன குறைந்துபோயிற்று?

பத்து வருஷத்துக்கு முன்னால் பெரிய முதலாளி என்னைத் தகட்டிலிருந்து எடுத்துச் சத்தம் பார்க்கப் போட்டார். சத்தம் பார்ப்பது என்றால் உங்களுக்குத் தெரியாது. வண்டி கட்டி முடிந்ததும் கொடுப்பதற்கு முன்னால் மாயனூர் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவோம். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். வண்டிக்குள் ஒருத்தனும் பேசக்கூடாது. டிரைவர் இருமக்கூடாது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது எந்தத் தகடு லொடலொடக்கிறது, எந்த சீட்டின் கால் ஆடுகிறது, கூரையில் எந்த ரிவிட் பிடிக்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்து சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போவேன். வட்டம் போட்ட இடத்தைப் பிரித்தால் அங்கே பழுது இருக்கும். பெரிய முதலாளி சொல்வார், "அங்கப்பன் இறங்கி வந்து சரின்னு சொன்னாத்தான்டா அது வண்டி. அதுவரைக்கும் அது தகரம்."

இந்தக் காதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

எனக்கு ஒரே பொண்ணு, மோகனப்பிரியா. நல்லாப் படிப்பாள். எம்பிபிஎஸ்ஸுக்கு மார்க் பத்தவில்லை, வேறு மருத்துவப் படிப்பில் சேர்க்கலாம் என்று இங்கேதான் கூட்டி வந்தேன். அதோ தெரிகிறதே பெரிய ஹால், அதற்குள்தான். பத்துப் பன்னிரண்டு மேஜை போட்டிருந்தார்கள், மேஜைக்கு ஒரு படிப்பு. தலைக்கு மேலே ராட்சச விசிறி. ஜனங்களா, திருவிழாக் கூட்டம். அந்த இரைச்சலில் இவள் ஒரு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"என்ன கண்ணு படிப்பு இது?" என்றேன்.

"ரேடியாலஜிப்பா" என்றாள்.

இந்த இரண்டு காதாலும் வாங்கினேன். ரேடியாலஜி. ஸ்கேன் எடுப்பது, எக்ஸ்ரே எடுப்பது. எனக்குத் தெரியாதா? என் மூட்டுக்கு எடுத்திருக்கிறார்கள்.

மேஜையில் இருந்த அம்மா, ஏன் இந்தப் படிப்பை எடுக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. இவள் திரும்பி என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நல்ல பார்வை. மரியாதையான பார்வை. அப்பா பட்டறையில் உழைத்துப் படிக்க வைக்கிறார் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கும்பிட்டேன். கை காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

என்ன சொல்கிறீர்கள்? வாயைத் திறந்து பேசுங்கள் ஐயா. ஆம்பிளை இப்படி வாய்க்குள் முணுமுணுக்கலாமா? கையெழுத்துப் போட்ட காகிதத்தில் படிப்பின் பெயர் இருந்ததா என்றா? இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் அதில் எதைக் கண்டேன்?

ஊருக்குப் போனதும் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தேன். பெரிய முதலாளியின் மச்சினர் கோவை ரோட்டில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார். "படிச்சு முடிச்சதும் நம்ம சென்டருக்கே வந்துரட்டும் அங்கப்பா" என்று அவரே வாயால் சொன்னார். உள்ளூரிலேயே வேலை, வீட்டுச் சாப்பாடு, ஒரே பொண்ணு கண் முன்னால். வேறென்ன வேண்டும் சொல்லுங்கள்.

லீவுக்கு வருவாள். வந்தால்தான் தெரியும், இந்தப் படிப்பு பிள்ளையின் பேச்சை எப்படிக் கெடுத்துவிட்டது என்று. முன்பெல்லாம் கணீர் என்று கூப்பிடுவாள். இங்கே வந்த பிறகு ஒரே முணுமுணுப்பு. பட்டணத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து நாகரிகப் பேச்சு. பட்டறையில் இருக்கிறவர்கள் பேசுவது எனக்கு ஒரு சொல் தவறாது. எங்கள் பட்டறைக் குப்புராஜ் பேசினால் தெருமுனைவரை கேட்கும். இந்தப் பொம்பிளைகள், என் வீட்டுக்காரி ருக்குமணி உள்பட, ஏன் இப்படி ஆகிவிட்டார்கள் என்று தெரியவில்லை. வர வர எல்லாருமே உதட்டோடு பேசுகிறார்கள். டிவியில் செய்தி வாசிக்கிற பொண்ணுகூட அப்படித்தான்.

ஒரு பொங்கல் லீவு முழுக்க என் பின்னால் வந்து நின்று காகிதத்தைக் கசக்குவாளாம், ருக்குமணி சொன்னாள். நான் திரும்ப மாட்டேன். எதற்குத் திரும்ப வேண்டும்? பிறகு ஒரு நாள், "அப்பா, எங்க காலேஜ்ல ஒரு வேலை குடுத்திருக்காங்க, நான் சொல்ற வார்த்தையத் திருப்பிச் சொல்லுங்க போதும்" என்று எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நோட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். அப்பன் முன்னால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிற பழக்கத்தை எங்கே படித்தாள் பாருங்கள். போகட்டும், பிள்ளை படிப்புக்காகத்தானே என்று திருப்பிச் சொன்னேன். அவள் கட்டை என்றாள், கட்டை என்றேன். கோலம் என்றாள், கோலம் என்றேன். கூட்டு என்றாள், கூட்டு என்றேன். இருபத்தைந்து வார்த்தை. எல்லாம் சரியாகச் சொன்னேன்.

ருக்குமணி அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, அவ சட்டைங்கறா, நீங்க கட்டைங்கறீங்க. அவ சோளம்ங்கறா, நீங்க கோலம் போடறீங்க."

"அவ ஒழுங்காச் சொன்னா நான் ஒழுங்காச் சொல்லுவேன்" என்றேன்.

பொண்ணு சிரிக்கவில்லை. நோட்டை இறக்கினபோது கண் சிவந்திருந்தது. அவளுக்கே தெரிந்துவிட்டது, தன் உச்சரிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று. பேச்சைப் பற்றியும் இந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்களாம். நன்றாகச் சொல்லித் தந்தார்கள்.

அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஸ்கேன் எடுக்கிறவர்கள், மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் பழகுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பினேன்.

ஆயுத பூஜைக்குத்தான் குட்டு உடைந்தது. பட்டறையில் ஆயுத பூஜை பெரிதாகச் செய்வோம். எல்லார் வீட்டுப் பெண்டு பிள்ளைகளும் வருவார்கள். அன்றைக்கு ஒரு சுத்தியல்கூட விழாது. முதலாளியின் மச்சினர் வந்திருந்தார். நானே இவளைக் கூட்டிப் போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"வாம்மா. இன்னும் ஒண்ணரை வருஷம், அப்பறம் நம்ம சென்டர்தான். எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பழகிட்டியா?"

இவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நான் ரேடியாலஜி இல்லீங்க சார். ஆடியாலஜி. காது டெஸ்ட் பண்றது, மிஷின் வெக்கறதுங்க."

அவர் பெரிய மனுஷர், சத்தமாகத் திருப்பிக் கேட்டார். "ஆடியாலஜியா? ரேடியாலஜின்னில்ல அங்கப்பன் சொன்னாப்ல?" அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெயின்ட் அடிக்கிற குப்புராஜ் பொரிகடலையை மென்றுகொண்டே, "ஏப்பா அங்கப்பா, நீ ரேடியோன்னு நெனச்சு ரெண்டரை வருஷமா ஆடியோவ ஓட்டிட்டு இருந்திருக்கறே" என்றான். நாற்பது பேர் சிரித்தார்கள். பெண்டுகள் சிரித்தார்கள்.

"ஏன் புள்ள பொய் சொன்ன?" என்றேன்.

"பொய் சொல்லலப்பா. மொதல் நாள்ல இருந்தே ஆடியாலஜின்னுதான் சொல்றேன். அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குக் கேக்கறதில்லப்பா."

எங்கே வைத்துச் சொல்கிறாள் பாருங்கள். யாரைச் சொல்கிறாள் பாருங்கள். சத்தம் பார்க்கிறவனை, பட்டறையில் வைத்து, முதலாளி முன்னால். ருக்குமணி பக்கத்தில் வந்து, "நானும் நூறு தடவ சொன்னேனுங்க" என்கிறாள். நூறு தடவை சொன்னாளாம். ஒரு தடவை எனக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா? தாயும் மகளும் சேர்ந்து திட்டம் போட்டு என்னிடம் மூடி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நிறுத்தினேன். இன்றோடு ஒரு வருஷம் நாலு மாதம். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் செய்வாள். ருக்குமணி போனை நீட்டுவாள். நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். தீபாவளிக்கு வந்தாள், தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள், நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். நான் அப்படித்தான். என் அண்ணனோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன், ஒரு வேப்பமரத்துக்காக.

நடுவில் பட்டறைக்கு ஒரு பெட்டி அனுப்பினாள். பிரித்தால் ஆரஞ்சுக் கலரில் பஞ்சு மாதிரி உருண்டைகள். காதில் அடைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டுமாம், நாற்பது பேருக்கும் இருந்தது. அடிக்கிறவன் காதை அடைத்துக்கொண்டால் அடி எப்படி விழுகிறது என்று எப்படித் தெரியும்? குப்புராஜ் அதை வாங்கிப் பெயின்ட் டப்பாவின் ஓட்டையை அடைத்தான். அதற்கு மட்டும் நன்றாக உதவியது.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? பொண்ணு வரவில்லையே இன்னும். உட்காருங்கள். உங்கள் பையில் ராசிபுரம் ஜவுளிக் கடைப் பெயர் போட்டிருக்கிறது. தாராபுரத்துக்காரர் துணி எடுக்க ராசிபுரம் போனீர்களா? சொந்தக்காரர்கள் இருப்பார்கள். சரி, சரி.

இப்போது எதற்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். போன மாதம் ஒரு வண்டி திரும்பி வந்தது. நாமக்கல்காரர் வண்டி, ஏசி போட்டது. நான் பார்த்துச் சரி என்று சொல்லி அனுப்பிய வண்டி. டிரைவர் வந்து, "வண்டி அம்பதத் தாண்டினா மேல இருந்து கீய்யுனு ஒரு சத்தம் வருதுங்க. கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி இருக்குது. பாசஞ்சர் எல்லாம் திட்டறாங்க" என்றான்.

மாயனூர் ரோட்டில் ஓட்டினோம். சின்ன முதலாளியும் ஏறினார். பெரிய முதலாளி படுக்கையில் விழுந்த பிறகு பையன்தான் பார்க்கிறார், தீபன் என்று பெயர், வெளியூரில் படித்தவர். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒன்றும் இல்லை. தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லை. "சத்தமே இல்ல" என்றேன்.

"இந்தா வருதுங்களே" என்றான் டிரைவர்.

"வருதுங்கண்ணா" என்றான் கிளீனர்.

சின்ன முதலாளி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரைவரைத் திட்டினேன். வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். ஊரில் இல்லாத சத்தத்தைக் கொண்டுவந்து என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்றேன். சின்ன முதலாளி எழுந்து போய், காற்று வருகிற ஓட்டையின் மூடி ஒன்றை விரலால் அழுத்தினார். "இப்ப?" என்றார். "இப்ப இல்லீங்க" என்றான் டிரைவர். விரலை எடுத்தார். "இப்ப?" "இப்ப வருதுங்க." மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இறங்கியதும் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப் போனார். தோளில் கை போடுகிற வயசா அது? "அங்கப்பண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. காது நல்லா இருக்குதுன்னு காயிதம் கொண்டாந்தா, அடுத்த நிமிஷம் வண்டில ஏறுங்க. அதுவரைக்கும் ஸ்டோர்ல இருங்க."

நாலு வாரமாக ஸ்டோரில் போல்ட் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். வேறொருவன் கடைசி சீட்டில் உட்கார்ந்து மாயனூர் போகிறான். அவன் கண்ணைக்கூட மூடுவதில்லையாம். போனை நோண்டுகிறானாம்.

கரூரில் ஒரு கடையில் பார்த்தேன். காது மிஷின் விற்கிறவன், மோசம் என்றான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? சின்ன முதலாளி, இந்தப் பல்கலைக்கழகத்துக் காகிதம் என்றால் ஒத்துக்கொள்கிறேன் என்றார். நாலாயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம், அவள் கண்ணில் படாமல் காரியத்தை முடித்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன். கவுண்டரில் கேட்டேன், ஆம்பிளை யாராவது பார்க்கட்டும் என்று. கடைசி வருஷப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள், ஏழாம் நம்பர் அறைக்குப் போங்கள் என்று எழுதிக் காட்டினார்கள். கதவைத் திறந்தால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள்.

திரும்பிப் போயிருப்பேன். காகிதம் வேண்டுமே.

அவள் எழுந்து நின்றாள். அப்பா என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொன்னால் அப்படியே வெளியே வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கய்யா" என்றாள். ஐயா. சரி, அப்படியென்றால் அப்படியே.

"உங்க பேருங்கய்யா?"

"அங்கப்பன்."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் பட்டறைல."

"எத்தன வருஷமா சத்தத்துல இருக்கறீங்க?"

"முப்பத்தாறு."

ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அதே பட்டறைக்கு வந்து, தகட்டுத் துண்டில் வீடு கட்டி விளையாடினவள். எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்கிறாள். ஒன்று சொல்ல வேண்டும், அந்த அறைக்குள் மட்டும் ஒழுங்காகப் பேசினாள். முகத்துக்கு நேராக, நிதானமாக, உதட்டை அசைத்து. ஒரு சொல் தவறவில்லை. இப்படிப் பேசத் தெரிந்தவள் வீட்டில் ஏன் பேசவில்லை?

"உங்களுக்குக் காது சரியாக் கேக்கலைன்னு வீட்ல யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தி சொன்னா."

"யாருங்கய்யா?"

"பொண்ணு ஒருத்தி இருந்தா. அவ பொய் சொல்றவ."

 அதையும் எழுதினாள்.

கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி அறைக்குள் உட்கார வைத்தாள். காதில் மாட்டுவதை மாட்டினாள். சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து மிஷினை இயக்கினாள். நான் விவரமான ஆள். அவள் விரல் அழுந்தும்போதெல்லாம் புருவம் கொஞ்சம் ஏறியது. புருவம் ஏறினால் நான் அழுத்தினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே வந்து, "கொஞ்சம் எந்திரிங்கய்யா" என்று, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் பூம் பூம் என்று வந்தது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுமே அனுப்பவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். பழி வாங்குகிறாள் என்று புரிந்துவிட்டது. ஒரு வருஷம் நாலு மாதம் நான் பேசாததற்கு, என்னை ஒரு பெட்டிக்குள் போட்டு, சத்தமே அனுப்பாமல் சும்மா உட்கார வைக்கிறாள். சாட்சிக்குக்கூட ஆள் இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் மார்க் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மார்க் தெரியாதா? ஒரு காதுக்குச் சிவப்பில் வரிசையாகச் சுழி. இன்னொரு காதுக்கு நீலத்தில் வரிசையாகப் பெருக்கல் குறி, பள்ளிக்கூடத்தில் தப்புக்குப் போடுவார்களே, அதே குறி. நான் சரியாக அழுத்தினேனே பூம் பூம் என்று, அதற்குக்கூட ஒரு டிக் போடவில்லை. ஒரு பக்கம் முழுக்க சைபர், ஒரு பக்கம் முழுக்கத் தப்பு. பெற்ற பொண்ணு போட்ட மார்க்.

நீங்கள் சொல்லுங்கள். ஒரு கோடு மேலே இழுத்திருந்தால் போதும். நான் நாளைக் காலையில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவள் கையில்தானே பேனா இருந்தது?

என்ன பார்க்கிறீர்கள்? வருகிறாளா? ஆமாம், அவள்தான். கையில் வைத்திருப்பதுதான் காகிதம்.

தாராபுரத்துக்காரரே, ஒரு உதவி. நான் அவளோடு பேச மாட்டேன். நீங்கள் கேளுங்கள். மேடம் கையெழுத்துப் போட்டாயிற்றா, நான் வண்டியில் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, அதை மட்டும் கேளுங்கள்.

என்ன சொல்கிறாள்? அவள் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பேச்சு தெளிவாக இருக்கிறது.

முடியாதாமா?

இரண்டு காதிலுமா? அது அவள் போட்ட மார்க், அப்படித்தான் இருக்கும். வேறென்ன? இவ்வளவு நேரம் வாய் அசைந்ததே. கனமான சத்தம் எல்லாம் நல்லாக் கேட்கிறது, தகடு ஆடுவது, சீட்டு ஆடுவது எல்லாம் இவரே பார்க்கலாம், கீய்யென்று வருகிற மேல்சத்தத்துக்கு மட்டும் வேறு ஆள் வேண்டும் என்று தனியாக ஒரு தாள் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாளா? தமிழிலா? அவளே கரூருக்கு வந்து சின்ன முதலாளியிடம் சொல்கிறாளாமா?

வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதிச் சத்தம் பார்க்கிறவன் என்று ஒரு வேலை பட்டறையில் கிடையாது. இவள் சிபாரிசில் நான் வண்டி ஏற வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா?

அவள் இப்போது என்ன சொன்னாள்? ஏதோ சொன்னாளே, உதடு அசைந்ததே. ஏன் நீங்கள் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? நல்லதோ கெட்டதோ சொல்லுங்கள் ஐயா, இவ்வளவு நேரம் சொன்னீர்கள்தானே. எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

என்னிடம்தான் சொன்னாளா? அது நீங்கள் திருப்பிச் சொல்கிற பேச்சு இல்லையா? அப்படியென்றால் முகத்தைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும். சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னால் மனுஷனுக்கு என்ன தெரியும்?

போகிறாள் பாருங்கள். நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லுங்கள் ஐயா.

மோகனா. ஏ புள்ள மோகனா. இங்க வா. இந்தப் பக்கம் திரும்பி இன்னொருக்காச் சொல்லு. எனக்குக் கேக்கல.